வண்ணப் பல்லிகளும் மெண்டல் விதிகளும்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி

பல்லி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பஞ்சாங்கம். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பாட்டி எடுத்துப் பார்ப்பாள். பேச்சின் நடுவே சுவரிலிருந்து அது குரல் கொடுத்தால், "பல்லி சொல்லிவிட்டது, நடக்கும்" என்று விரலால் தரையைத் தட்டுவோம். சங்க காலத்திலேயே பல்லியின் சொல்லுக்கு நிமித்தம் பார்த்திருக்கிறார்கள். இத்தனை நெருக்கம் இருந்தும், ஒரு பல்லியைக் கையில் ஏந்திச் சீராட்டி வளர்க்க வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாய், பூனைக்கு அடுத்தபடியாக ஆசையோடு வளர்க்கப்படும் பிராணிகளில் ஒரு பல்லியும் இடம் பெற்றிருக்கிறது. அதுவே சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்டிருப்பதால் அப்பெயர் பெற்றது. வளர்ப்போர் கையில் அது வெள்ளையாய், ஆரஞ்சாய், கோடுள்ளதாய், கோடற்றதாய்ப் பல வண்ணங்களில் பிறக்கிறது. இவ்வண்ணங்கள் எவ்வாறு தோன்றுகின்றன? அடுத்த குஞ்சு எந்த நிறத்தில் பிறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அழகுக்காக மனிதன் எவ்வளவு தூரம் போகலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லியின் இயல்பு

யூபிளெபாரிஸ் மாகுலாரியஸ் என்பது இதன் அறிவியற் பெயர். 1854-இல் எட்வர்ட் பிளைத் என்னும் விலங்கியலறிஞர் இதனை விவரித்தார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களின் வறண்ட, கற்பாங்கான நிலங்களே இதன் தாயகம். இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள் நம் நாட்டின் மேற்கிலும் நடுவிலும் கிழக்கிலும் வாழ்கின்றன. ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் காணப்படும் ஓர் இனம் 2022-இல்தான் தனி இனமென்று அறியப்பட்டது. ஆக, உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் உலவும் இப்பல்லி நமக்கு அயலானன்று, தூரத்து உறவே.

நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணில் தூசு பட்டால் நாக்கால் நக்கித் துடைத்துக் கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ அசையும் இமைகள் உண்டு; உறங்கும்போது கண்ணை மூடும். பேரினப் பெயருக்கே 'நல்ல இமை' என்றுதான் பொருள். விரல்களில் ஒட்டும் தகடுகள் இல்லாததால் சுவரில் ஏறாது; தரையில் நடக்கும். பகலில் பொந்திலும் கல்லடியிலும் பதுங்கி, அந்திக்குப் பின் வெளியே வந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும். பஞ்ச காலத்துக்கென்று கொழுப்பை வாலில் சேமித்து வைக்கும். பருத்த வாலே நல்ல உடல்நிலையின் அடையாளம். பகைவன் பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். புது வால் வளரும், ஆனால் பழைய அழகு இராது. இதன் வாழிடங்களில் சில ஊர் மக்கள் இதைக் கொடிய நஞ்சுடையதென்று அஞ்சி அடித்துக் கொல்கின்றனர். உண்மையில் இதற்கு நஞ்சே இல்லை.

முட்டையும் வெப்பமும்

வளர்ப்போர் ஓர் ஆணைச் சில பெண்களோடு சேர்ப்பர். இரண்டு ஆண்களை ஒரு தொட்டியில் விட்டால் சண்டையிட்டு மடியும். பெண் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள் வீதம், ஒரு பருவத்தில் பல தடவை இடும். ஓடு கோழிமுட்டை ஓடு போல் கெட்டியாக இராது. தோல் போல் மெல்லியதாக இருக்கும். அந்த ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாய் தன் உடலிலிருந்தே கொடுக்கிறது. ஆகவே, தீனிப் பூச்சிகளின் மேல் கால்சியத் தூளைத் தூவிக் கொடுக்க வேண்டும். இல்லையெனில் தாயின் எலும்பு வளைந்துவிடும்.

முட்டைகளை எடுத்து, ஈரமான கனிமத் துகளில் பாதி புதைத்து, வெப்பம் மாறாத பெட்டியில் வைப்பர். கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டும்; பல்லி முட்டையைப் புரட்டலாகாது. உள்ளே கரு மேற்பக்கம் ஒட்டிக்கொண்டு வளர்வதால், புரட்டினால் இறந்துபோகக் கூடும். முட்டை எடுத்தவுடன் மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம்.

இங்கேதான் முதல் வியப்பு. மனிதரில் ஆணா பெண்ணா என்பதை எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் முடிவு செய்கின்றன என்று படித்திருக்கிறோம். சிறுத்தைப் பல்லியில் முட்டை பெறும் வெப்பமே அதை முடிவு செய்கிறது. 26 பாகை செல்சியஸில் அடைகாத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண், 32.5 பாகையில் நான்கில் மூன்று பங்கு ஆண். 34 பாகைக்கு மேல் போனால் மறுபடியும் பெரும்பாலும் பெண். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் டேவிட் க்ரூஸ் என்பாரும் அவர் குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். கூடுதல் வெப்பத்தில் பிறந்த பெண்கள், குறைந்த வெப்பத்தில் பிறந்த பெண்களைவிடச் சண்டைக்குணம் மிக்கவையாக இருப்பதையும் கண்டனர்.

பாலை முடிவு செய்யும் குரோமோசோமே இல்லாததால், பால்சார் பாரம்பரியம் என்ற ஒன்றும் இங்கே இல்லை. பழ ஈயின் வெண்கண் ஆண்களில் மிகுதியாகத் தோன்றுவதைப் பாடத்தில் படித்தோம். இப்பல்லியின் நிறங்களில் அவ்விதக் கணக்கு கிடையாது. மகனும் மகளும் ஒரே விகிதத்தில் நிறம் பெறுவர். மரபியல் கற்பவனுக்கு இது ஒரு வசதி.

மூன்று வகைச் செல்கள்

பல்லியின் தோலில் நிறத்துக்கென்று மூன்று வகைச் செல்கள் உள்ளன. முதல் வகையில் கருநிறமியாகிய மெலானின் இருக்கிறது. இரண்டாம் வகை மஞ்சளும் சிவப்பும் தருகிறது. மூன்றாம் வகையில் நிறமி ஏதும் இல்லை. நுண்ணிய படிகங்கள் மட்டுமே உண்டு. அவை ஒளியைச் சிதறடித்து வெண்மையாகவும் பளபளப்பாகவும் காட்டும். இம்மூன்றும் எங்கெங்கே, எவ்வளவு அமைகின்றன என்பதே ஒரு பல்லியின் நிறம். குஞ்சு பிறக்கும்போது உடலில் அகன்ற கரும்பட்டைகள் இருக்கும். வளர வளரப் பட்டைகள் உடைந்து புள்ளிகளாகும்.

இச்செல்களின் வேலையை ஆளும் ஜீன்களில் ஒன்று திடீரென மாறுவதையே சடுதிமாற்றம் என்கிறோம். அதனால் ஒரு நிறம் குறையலாம், கூடலாம், இடம் மாறலாம். காட்டில் அப்படிப் பிறக்கும் வெண்குஞ்சு ஆந்தைக்கும் நரிக்கும் எளிதில் புலப்பட்டு இரையாகிவிடும். மனிதனின் தொட்டியில் அதுவே அரச மரியாதை பெறுகிறது.

மணிகளின் குலுக்கல்

செய்முறை வகுப்பில் நாம் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் சம அளவில் இட்ட இரண்டு டப்பாக்களை வைத்துக் கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மணி எடுத்து மெண்டல் விதியைச் சரிபார்த்தது நினைவிருக்கும். நான் 64 தடவை எடுத்தேன். சிவப்பு ஓங்கு பண்பு என்று கொண்டால் 48-க்கு 16 வர வேண்டும். எனக்கு 44-க்கு 20 வந்தது. "மூன்றுக்கு ஒன்று என்று திருத்தி எழுதிவிடு" என்றாள் அருகிலிருந்த தோழி. பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டார். "வந்ததை எழுது அம்மா. விதி பொய்க்கவில்லை, நீ எடுத்த தடவைதான் குறைவு" என்றார். அன்று அவர் சொன்னதன் முழுப்பொருள் இப்பல்லிகளைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கிற்று.

அல்பினோ என்னும் பல்லியில் கருநிறம் இராது. உடல் மஞ்சளும் வெண்மையும் இளஞ்சிவப்புமாய் இருக்கும். இஃது ஓர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக மாறிய ஜீன் இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒன்று மட்டும் இருந்தால் பல்லி இயல்பு நிறத்தோடே இருக்கும். ஆனால் மறைவில் அந்த ஜீனைச் சுமந்து கொண்டிருக்கும். அதைத் 'தாங்கி' என்போம்.

இரண்டு தாங்கிகளை இணைத்தால் குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்கு அல்பினோ, இரண்டு பங்கு தாங்கி, ஒரு பங்கு முழு இயல்பு. "நான்கு முட்டை இட்டிருக்கிறது, ஒன்றாவது அல்பினோ நிச்சயம்" என்று புதிதாய் வளர்ப்பவர் நம்புவார். அது தவறு. ஒவ்வொரு முட்டையும் தனித்தனிக் குலுக்கல். ஒரு முட்டை அல்பினோ ஆகாதிருக்க வாய்ப்பு முக்கால். நான்கும் ஆகாதிருக்க வாய்ப்பு முக்காலை நான்கு தடவை பெருக்கினால் வருவது. அதாவது 256-க்கு 81. ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அவர் ஏமாறுவார். எட்டு முட்டை என்றால் பத்தில் ஒரு தடவை ஏமாறுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஈற்றில் இயல்பு நிறத்தோடு பிறந்த குஞ்சு தாங்கியா அல்லவா? பார்வைக்குத் தெரியாது. இயல்பு நிறத்தன மூன்று பங்கு. அவற்றுள் தாங்கி இரண்டு பங்கு. ஆகவே மூன்றில் இரண்டு வாய்ப்பு. விற்போர் இதனை '66 விழுக்காடு தாங்கி' என்று எழுதி வைப்பர். குஞ்சின் உடலில் 66 விழுக்காடு ஏதோ இருப்பதாக எண்ணி வாங்குவோர் உண்டு. அது குஞ்சைப் பற்றிய எண்ணன்று; நம் அறியாமையைப் பற்றிய எண். உறுதியாக அறிய வேண்டுமாயின் அதனை ஓர் அல்பினோவோடு இணைக்க வேண்டும். ஓர் அல்பினோக் குஞ்சு பிறந்தாலும் அது தாங்கி என்பது மெய். ஐந்து குஞ்சும் இயல்பாகப் பிறந்தால், தாங்கியாக இருந்தும் அப்படி நேர வாய்ப்பு 32-இல் ஒன்றே. மெண்டல் செய்த சோதனைக் கலப்பு இதுதான். தோட்டத்துப் பட்டாணிக்கு அவர் 1866-இல் எழுதி வைத்த கணக்கு இன்று பல்லிக்குப் பயன்படுகிறது.

வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால்

இப்போது ஒரு புதிர். ஓர் அல்பினோவை இன்னோர் அல்பினோவோடு இணைத்தால் குஞ்சுகள் எல்லாம் அல்பினோவாகத்தானே பிறக்க வேண்டும்? சில வேளைகளில் எல்லாக் குஞ்சுகளும் இயல்பு நிறத்தில் பிறந்தன!

காரணம் என்னவெனில், சிறுத்தைப் பல்லியில் மூன்று வேறு அல்பினோ மரபுகள் உண்டு. முதலாவது 1996-இல் அறிமுகமானது. வளர்த்த ரான் ட்ரெம்பர் பெயரால் வழங்குகிறது. மற்ற இரண்டும், ரெயின்வாட்டர், பெல் என்பன, சில ஆண்டுகளுக்குள் தொடர்ந்து வந்தன. மூன்றும் வெவ்வேறு ஜீன்களில் நேர்ந்த மாற்றங்கள்.

இதை ஒரு சாயப் பட்டறையாக நினைத்துக் கொள்ளுங்கள். நூலைக் கஞ்சி போக வெளுப்பவர் ஒருவர், சாயம் காய்ச்சுபவர் ஒருவர், நூலை முக்கி எடுப்பவர் ஒருவர். மூவரில் எவர் வராவிட்டாலும் அன்று கறுப்பு நூல் கிடையாது. ஒரு பட்டறையில் காய்ச்சுபவர் இல்லை. மற்றொன்றில் முக்குபவர் இல்லை. இரண்டு பட்டறையையும் ஒன்றாக்கினால் ஆள் குறைவு தீர்ந்து வேலை நடக்கும். அதுபோலவே ட்ரெம்பர் அல்பினோவில் கெட்டிருக்கும் ஜீனுக்கு ஈடாகப் பெல் அல்பினோ நல்ல ஜீனைத் தருகிறது. பெல்லின் குறையை ட்ரெம்பர் நிறைவு செய்கிறது. குஞ்சு இயல்பு நிறத்தில் பிறக்கிறது. ஆனால் இரண்டு மரபுக்கும் தாங்கியாகிறது. அக்குஞ்சின் வழித்தோன்றல்களில் வெண்குஞ்சு பிறந்தால் அது எந்த மரபு என்று கண்ணால் கண்டு சொல்வது அரிது. ஆகையால் பொறுப்புள்ள வளர்ப்போர் மூன்று மரபுகளையும் கலப்பதில்லை.

ஒன்று போதும், இரண்டும் வேண்டும்

எல்லா நிறங்களும் ஒடுங்கியவை அல்ல. மாக் ஸ்னோ என்றொரு வகை. மாறிய ஜீன் ஒன்று இருந்தால் மஞ்சள் குறைந்து வெளிறித் தோன்றும். இரண்டு இருந்தால் வெண்ணிற உடலும் நுண்ணிய கரும்புள்ளிகளும் முழுதும் கறுத்த கண்களுமாய், வேறொரு பிராணியோ என மயங்க வைக்கும். இரண்டு மாக் ஸ்னோக்களை இணைத்தால் இயல்பு ஒன்று, ஸ்னோ இரண்டு, முழு ஸ்னோ ஒன்று என்ற விகிதம். அந்திமந்தாரையில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இளஞ்சிவப்பு வருவதைப் படித்தோமே, அதே முழுமையற்ற ஓங்குதன்மைதான்.

ஒடுங்கு பண்பு இரண்டை ஒரே குஞ்சில் காண விரும்பினால் பொறுமை வேண்டும். இரண்டுக்கும் தாங்கியான பெற்றோரிடம் 16-இல் ஒன்றே அவ்வாறு பிறக்கும். ஆரஞ்சு நிறமோ ஒரே ஜீனின் வேலையன்று. பல ஜீன்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது. அதற்கு விகிதக் கணக்கு உதவாது. நல்ல விதை நெல்லைப் பொறுக்கி எடுக்கும் உழவனைப் போலத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அழகின் விலை

இதுவரை சொன்னது விளையாட்டு. இனிச் சொல்வது வினை.

எனிக்மா என்றொரு வகை. புள்ளிகள் சிதறி மிக அழகாக இருக்கும். இஃது ஓங்கு பண்பு. ஆனால் இவ்வகைப் பல்லிகள் பல தலையைச் சாய்த்து வானத்தையே பார்த்து நிற்கும். ஒரே இடத்தில் வட்டமிட்டுச் சுழலும். இரையைக் குறி தவறிக் கவ்வும். நரம்பு மண்டலத்தின் குறை இது. நிறம் தந்த ஜீனோடு இக்குறையும் ஒட்டி வருகிறது, பிரித்தெடுக்க முடியவில்லை.

அதனினும் கொடியது லெமன் ஃப்ராஸ்ட். 2010-களின் நடுவில் அமெரிக்காவில் தோன்றியது. பனி படர்ந்த எலுமிச்சை போன்ற நிறம். கண்டவர் மயங்கினர், பெரும் விலைக்கு விற்றது. சில ஆண்டுகளில் அப்பல்லிகளின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் புறப்பட்டன. லாஸ் ஏஞ்செல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் லாங்குவா குவோ, லியோனிட் க்ருக்லியாக் ஆகியோரும் உடனாய்வாளரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் கூறியது. ஸ்பிண்ட்-1 என்னும் ஜீன் இருக்கும் பகுதியோடு இந்நிறம் இணைந்துள்ளது. ஒளியைச் சிதறடிக்கும் மூன்றாம் வகைச் செல்கள் அளவின்றிப் பெருகுவதே அந்த அழகு. அப்பெருக்கம் கட்டுக்கடங்காமல் போவதே அந்தப் புற்று. இந்த ஜீனைக் கொண்ட பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் கட்டிகள் தோன்றுகின்றன. அதே ஜீன் மனிதரின் தோற்புற்றோடும் தொடர்புடையதாதலால், இப்பல்லி மருத்துவ ஆய்வுக்கும் பயன்படக் கூடும்.

எந்தக் குஞ்சு மிக அழகாக இருக்கிறதோ அதுவே நோயுறும் குஞ்சு என்றால், வளர்ப்பவன் என்ன செய்ய வேண்டும்? பலர் லெமன் ஃப்ராஸ்ட் இணைப்பதை நிறுத்திக் கொண்டனர். போட்ட முதலை விட்டுக்கொடுத்த அவர்களைப் பாராட்ட வேண்டும். சிலர் இன்னும் நிறுத்தவில்லை. பல்லி பேசாது, வலிக்கிறது என்று சொல்லாது. நாம் அதன் சொல்லுக்குப் பலன் பார்த்தவர்கள். அதன் மௌனத்துக்கும் பொருள் காண வேண்டாமா?

பல்லி சொல்லும் பாடம்

ஒடுங்கு பண்பு ஒன்று தோன்றினால் அதை விரைவில் பெருக்க ஒரே வழி, உடன்பிறந்தவற்றையோ பெற்ற குஞ்சையோ இணைப்பது. உறவுக்குள் இணைக்கும்போது, வேண்டிய நிறம் மட்டும் இரட்டிப்பதில்லை. மறைந்திருக்கும் வேண்டாத குறைகளும் இரட்டிக்கின்றன. உடன்பிறப்புகளின் குஞ்சில் ஒரு ஜீனின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டிருந்தபோது என் பேனா நின்றது. என் அப்பா என் அம்மாவுக்கு அத்தை மகன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இப்படித்தான். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு 16-இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் எட்டில் ஒன்று. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. நானும் நலமாகவே இருக்கிறேன். என் சித்தியின் மகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அதற்கு உறவுமணம்தான் காரணம் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை; நானும் சொல்லத் துணியேன். ஆனால் "சொத்து வெளியே போகக் கூடாது, பெண் கண்முன் இருக்க வேண்டும்" என்று எனக்கும் வீட்டிலேயே பேச்சு எடுத்தபோது, நான் செய்முறை ஏட்டைத் திறந்து அம்மாவுக்கு அந்த மணிகளின் கணக்கைக் காட்டினேன். அம்மா நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். "படித்து முடி, பிறகு பேசலாம்" என்றாள். அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

நண்பர்களே, இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பல்லி வளர்க்கக் கிளம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 15 முதல் 20 ஆண்டுகள் வாழும் உயிர் அது. ஏற்றுக் கொண்டால் அத்தனை ஆண்டும் பொறுப்பு. நம் காடுகளில் வாழும் அதன் உறவினரைப் பிடிக்காமல், அடிக்காமல் விட்டாலே பெரிய தொண்டு. நான் வேண்டுவது இவ்வளவே: தேர்வுக்காக மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்யும்போது, அந்த எண்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன என்பதை நினைவு கொள்ளுங்கள். இனி வீட்டுச் சுவரில் பல்லி சொன்னால், பஞ்சாங்கத்தோடு பாடப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.